பனடோல் பல் டொக்டர் இல்லை

தாடை நோகுதெண்டால் எங்கட வீடுகளில் ஒரே வைத்தியம்தான்: கராம்பு, ரெண்டு பனடோல், "பொறுத்துப் பாப்பம்."

எதைப் பொறுக்கிறது? சூத்தைப் பல்லின் நரம்பு செத்தால் நோவு நிற்கும். கிருமி நிற்காது, எலும்புக்குள் இறங்கும். 17–25 வயதில் ஞானப்பல் இடமில்லாமல் முட்டலாம். சோதனைக் காலத்தில் நித்திரையில் பல்லை நறநறவெண்டு கடிக்கிறவைக்கு விடியத் தாடை இறுகும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பனடோல் நோவை மறைக்கும், அவ்வளவுதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் காட்டக் காசில்லை. பிறகென்ன சாட்டு? நோ திரும்பத் திரும்ப வந்தால் போய்க் காட்டுங்கோ. வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கேலாமை எண்டால் அண்டைக்கே போங்கோ. நெஞ்சும் சேர்ந்து இறுகினால் அது இதயமாக இருக்கலாம். உடன 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கோ.

"பொறுத்துப் பாப்பம்" எண்டு வீட்டில சொன்னால், இந்த ஒருக்கா மட்டும் சொல் கேளாதேங்கோ.