ராஜினாமா கடிதம் யார் கையில் இருந்தது?



2008 அக்டோபர் 14 ஞாபகம் இருக்கா? சென்னையில் முதல்வர் கலைஞர் தலைமையில் அனைத்துக் கட்சிக் கூட்டம். இரண்டு வாரத்துக்குள் ஈழத்தில் போர் நிற்க மத்திய அரசு வழி செய்யாவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பதவி விலக நேரும் என்று தீர்மானம். அது வெத்து மிரட்டல் இல்லை. அந்த ஜூலையில்தான் மன்மோகன் சிங் அரசு 275-க்கு 256 என்று, வெறும் 19 ஓட்டில் நம்பிக்கை வாக்கெடுப்பைத் தாண்டியிருந்தது. மக்களவையில் திமுகவுக்கு மட்டும் 16 பேர்.

கடிதங்களும் எழுதப்பட்டன. ஆனா யாரிடம் கொடுத்தாங்க? எம்.பி. பதவி விலகணும்னா கடிதம் சபாநாயகருக்கோ மாநிலங்களவைத் தலைவருக்கோ போகணும், அரசியல் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அந்தக் கடிதங்கள் போனது கட்சித் தலைவர் கைக்கு. அக்டோபர் 26-ல் பிரணாப் முகர்ஜி சென்னை வந்தார். 800 டன் நிவாரணப் பொருள் அனுப்புவதாகப் பேச்சு. ராஜினாமா அத்தோடு முடிந்தது. போர் முடியலை.

2009 ஏப்ரல் 27-ல் அண்ணா நினைவிடத்தில் சில மணி நேர உண்ணாவிரதம். மே 13 வாக்குப்பதிவு, மே 16 முடிவு. அடுத்த இரண்டு, மூன்று நாளில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. நம்ம விருதுநகரில் வைகோ 15 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்று, காங்கிரசின் மாணிக்கம் தாகூர் ஜெயித்தார். போரெல்லாம் ஓட்டைப் பாதிக்காது என்று கணக்குப் போட்டவர்களுக்கு அது ரொம்ப வசதியாப் போச்சு.

திமுகவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுவது சுலபம், பதினாறு வருஷத்துக்கு மேல் அதைத்தான் எல்லாரும் செய்கிறோம். கேள்வி வேற. அக்டோபர் 24-ல் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலியில் நின்ற தொண்டர்களில் எத்தனை பேர் தன் கட்சி எம்.பி.யைப் பார்த்து, “அண்ணே, உங்க கடிதம் சபாநாயகர்கிட்ட போச்சா?” என்று கேட்டார்கள்? கோஷம் கொழும்பை நோக்கியும் டெல்லியை நோக்கியும் போனது. பக்கத்தில் நின்ற நம்மாளைப் பார்த்துப் போகவில்லை. 2009 ஜனவரி 29-ல் முத்துக்குமார் தன்னையே எரித்துக்கொண்டார். உயிரோடு இருந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவர் அவர்.

2003 மார்ச் 18-ல், ஈராக் போர் வேண்டாம் என்று பிரிட்டனில் ஆளும் லேபர் கட்சியின் எம்.பி.க்கள் 139 பேர் சொந்தப் பிரதமருக்கு எதிராக வாக்களித்தார்கள். இங்கே அது நடக்காது. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். சரி. ஆனா கொறடா கட்டுவது ஓட்டைத்தான். சபையில் கேள்வி கேட்பதையோ, பூஜ்ய நேரத்தில் பேசுவதையோ, மந்திரிக்குக் கடிதம் எழுதுவதையோ அந்தச் சட்டம் தடுக்கவில்லை. கிளைச் செயலாளர் வாயை எந்தக் கொறடாவாலும் கட்ட முடியாது.

2025 ஜூன் 12-ல் காசாவில் போர்நிறுத்தம் கோரி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 149 நாடுகள் ஆதரித்தன. இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. ஏன் என்று நம்ம எம்.பி.க்கள் கேட்டார்களா? கட்சியின் பக்கத்திலேயே இதை எழுதுகிறோம், யாருக்கும் விலக்கு இல்லை.

எம்.பி.யை நெருக்கத் தெரியாத ஊரா இது? 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்துக்குத் தடை போட்டபோது எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் சிவகாசியில் மறித்து நின்று கேட்டோமே. பிழைப்பு என்றால் கேட்கத் தெரியுது. மணிமருந்து உராய்ந்தால் ஒரு நொடியில் என்ன ஆகும் என்று வெளியூர்க்காரன் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போரை விட்டு ஓடிவந்தவர்களின் முகாம் இதோ குல்லூர்சந்தையில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதுங்க. எந்தக் கூட்டத்தொடரில், எப்படி எழுப்பப் போறீங்க என்று தேதி போட்டுக் கேளுங்க. எம்.பி. ஊருக்கு வரும்போது சால்வையோடு சேர்த்துக் கையில் கொடுங்க, மாவட்டக் குழுவுக்கு ஒரு நகல். பதில் வந்தால் கீழே போடுங்க. வரலைன்னாலும் போடுங்க.