நெல் இலையில் வாழும் நல்ல பூசணங்கள்

புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரத்தநாடு வட்டாரத்தில் சம்பா பயிராகிறது. பூச்சி மருந்து தெளிக்கும்போது, "நோயும் வராமல் இருக்கட்டும்" என்று பூசணக்கொல்லியையும் சேர்த்துக் கலந்து அடிப்போர் உண்டு. நோயே காணாத வயலுக்கு இந்தச் செலவு தேவைதானா என்பதை விவசாயிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூசணம் என்றாலே குலை நோயும் இலையுறைக் கருகலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தீங்கு செய்யாத பூசணங்களும் நெல் இலையின் மேல் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றுள் ஈஸ்ட் வகை முக்கியமானது. இலையில் கசியும் சர்க்கரையை இவை உண்பதால், நோய் வித்துக்களுக்குக் கிடைக்கும் உணவும் இடமும் குறைகின்றன. பூசணக்கொல்லிக்கு நல்லது கெட்டது தெரியாது; இவற்றையும் சேர்த்தே அழிக்கிறது.

இவற்றுக்கு இன்னொரு திறமையும் உண்டு. நெல் இலையிலிருந்து பிரித்த சூடோசைமா என்ற ஈஸ்ட், மக்கும் வகைப் பிளாஸ்டிக் தாளை விரைவில் சிதைப்பதை ஜப்பானில் சுகுபா நகர வேளாண் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தார் 2011இல் வெளியிட்டனர். இலைத் தோலில் உள்ள க்யூட்டினும் அந்தப் பிளாஸ்டிக்கும் ஒரே விதமான வேதிப் பிணைப்பு கொண்டவை. ஆகவே ஈஸ்ட் சுரக்கும் நொதி அதையும் அறுத்துவிடுகிறது.

இதை அளவு மீறி நம்பிவிடலாகாது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் மூடாக்காக விரிக்கும் சாதாரண பாலித்தீன் தாளை இந்த ஈஸ்ட் கரைக்காது. கிழிந்த துண்டுகளை உழுது புதைக்காமலும் கொளுத்தாமலும் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். நுண்ணுயிர்கள் சில பூச்சி மருந்துகளைச் சிதைப்பதும் உண்மைதான். எனினும் அதை நம்பி, மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாள் முடியுமுன் அறுவடை செய்யக் கூடாது.

நம் டெல்டா நெல்லின் இலைகளில் எந்த எந்தப் பூசணங்கள் வாழ்கின்றன, மருந்து தெளித்தபின் எவை மிஞ்சுகின்றன என்பதை ஆராய்ந்து சொல்வது விஞ்ஞானிகளின் கடமை. ஒரத்தநாட்டை அடுத்த ஈச்சங்கோட்டை வேளாண்மைக் கல்லூரி இதற்கு ஏற்ற இடம்.

விவசாயிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை வயலில் இறங்கி இலையையும் தூரையும் பார்க்கலாம். நோய்க்கு இடம் தரும் யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடலாம். நோய் கண்டால் மட்டும், வேளாண்மை உதவி அலுவலரைக் கேட்டு உரிய மருந்தை உரிய அளவில் தெளிக்கலாம். தேவையற்ற ஒரு தெளிப்பைத் தவிர்த்தால் கைப்பணமும் மிஞ்சும். கூலி கேளாமல் இலையில் உழைக்கும் நல்ல பூசணங்களும் பிழைக்கும்.