முதலில் சாவி, பிறகு இடிப்பு

கொழும்பின் முகம் வேகமாக மாறி வருகிறது. முன்பு இராணுவத் தலைமையகம் இருந்த காலிமுகத்திடல் நிலத்தில் 2017 இல் ஷங்ரிலா ஹோட்டல் திறக்கப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே சொகுசுத் தொடர்மாடிகளும் எழுந்தன. பேர வாவிக்கரையில் 'அல்டெயார்' இரட்டைக் கோபுரம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்ததுபோல் நிற்கிறது. 2024 இல் 'சினமன் லைஃப்' ஹோட்டலும் திறக்கப்பட்டது. கோட்டையில் பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கப்பட்ட 'கிரிஷ்' கட்டிடமோ பல ஆண்டுகளாக முடிவுறாமல் கிடக்கிறது.

புதிதாக ஒரு ஹோட்டலும் சொகுசு வீடுகளும் சேர்ந்த வானுயர் கட்டிடம் வரப்போகிறது என்றால் மூன்று சொற்கள் முன்வைக்கப்படும்: முதலீடு, வேலைவாய்ப்பு, வெளிநாட்டு நாணயம். இவற்றை நான் மறுக்கவில்லை. 2022 இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். டொலர் இல்லாத நாட்டின் அடுப்பு எப்படி எரியும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று சொற்களோடு நான்காவதாக ஒரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும். அந்த நிலத்தில் இன்று வாழ்பவர்கள் நாளை எங்கே வாழ்வார்கள்?

எமது நாட்டுச் சட்டத்தில் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடை செய்கிறது. ஆனால் தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. எங்கோ வாழ்ந்து ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இங்கு வந்து தங்கும் ஒருவருக்குச் சட்டத்தில் இப்படி இடம் தேடிக் கொடுக்க முடிகிறது. அப்படியானால், அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவருக்கும் சட்டத்தில் உறுதியான ஓர் இடம் இருக்கத்தானே வேண்டும்?

கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். 1786 இல் கட்டப்பட்ட வேக்கந்த ஜும்ஆப் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் எல்லோரும் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. அங்கே ஜாவா லேன் பகுதி மீளபிவிருத்திக்காக எடுக்கப்பட்டபோது, அதே பகுதியில் மாடி வீடு தருவதாக மக்களுக்கு வாக்களிக்கப்பட்டது. வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல ஆண்டுகள் வாடகை வீடுகளில் காத்திருந்தன. கொம்பனித்தெருவில் கட்டப்பட்ட தொடர்மாடி 2021 இன் இறுதியில்தான் கையளிக்கப்பட்டது. வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தரம் 6 இல் படித்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துவிடும் அளவுக்கு நீண்ட காத்திருப்பு அது.

வாடகை வீட்டில் காத்திருப்பது வெறும் இட மாற்றம் அல்ல. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பித்த பெற்றோருக்கு இது நன்றாக விளங்கும். வாக்காளர் இடாப்பில் உள்ள பதிவும், வீட்டிலிருந்து பாடசாலைக்கு உள்ள தூரமும் அங்கே புள்ளிகளாகின்றன. முகவரி போனால் அந்தப் புள்ளிகளும் போய்விடும். விடிய எழுந்து இடியப்பம் அவித்து வாசலிலேயே விற்ற ஒரு தாய்க்கு வாசல்தான் கடை. பதினோராம் மாடிக்கு யார் ஏறி வந்து இடியப்பம் வாங்குவார்கள்? வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கும் தெருதான் வாடிக்கையாளரைக் கொண்டு வருகிறது. அதே உயரம் பணக்காரருக்குக் கடற்காட்சியாகிறது. இவர்களுக்கோ லிப்ட் பழுதாகும் நாட்களில் படிக்கட்டாகிறது.

'அந்த ஒழுங்கைகள் அப்படியே இருக்க வேண்டுமா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம், மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் என்ற வாழ்க்கையை யாரும் விரும்பி ஏற்கவில்லை. புதிய மாடி வீட்டில் நிம்மதி கண்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எனது வாதம் மாடி வீட்டுக்கு எதிரானதல்ல. நல்ல வீடு கொடுப்பதாக இருந்தால், பழைய வீட்டை இடிப்பதற்கு முன்பே கொடுக்கலாமே என்பதுதான்.

இஸ்லாமியச் சட்டத்தில் 'ஷுஃப்ஆ' என்றோர் உரிமை உண்டு. கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்றால், மற்றப் பங்காளிக்கு அதை வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை இருக்கிறது. ஷாபிஈ மத்ஹப் இதைப் பங்காளியோடு நிறுத்துகிறது. ஹனபி மத்ஹப் அயலவருக்கும் கொடுக்கிறது. இன்றைய கட்டிடத் திட்டத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. எனினும் அதன் உள்ளே இருக்கும் நீதி தெளிவானது. வரப்போகிறவருக்கு முன்பாக, ஏற்கெனவே இருப்பவரைப் பார்க்க வேண்டும்.

இது அரசாங்கத்துக்கு மட்டும் உரிய பாடமல்ல. எமது சமூகத்திலும் இத்தகைய சொகுசு வீடுகளை வாங்கக்கூடிய வசதி படைத்தவர்கள் இருக்கிறார்கள். வீடு வாங்கும்போது வங்கிக் கடனில் வட்டி கலந்திருக்கிறதா என்று மௌலவியிடம் கேட்கிறோம். அது நல்ல பழக்கம். அந்த நிலத்தில் யாருடைய ஹக்காவது கலந்திருக்கிறதா என்று கட்டுபவரிடம் கேட்கிறோமா? வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் பதிலோடு வருவார்கள்.

எனவே, குடியிருப்பு நிலத்தில் இனி எழும் எந்தக் கோபுரத்துக்கும் மூன்று நிபந்தனைகள் வேண்டும். அனுமதி வழங்க முன்பு அங்கு வாழ்பவர்களின் கருத்து, குறிப்பாகப் பெண்களின் கருத்து, அவர்களுக்கு விளங்கும் மொழியில் கேட்கப்பட வேண்டும். மாற்று வீடு அதே பகுதியில் அமைவதும், அதன் அளவும், உரிமைப் பத்திரம் வழங்கப்படும் திகதியும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வீட்டின் சாவி கைக்கு வந்த பிறகே பழைய வீட்டின் முதல் கல் பெயர்க்கப்பட வேண்டும்.

இதனால் திட்டம் தாமதமாகும் என்பார்கள். ஆம், தாமதமாகலாம். ஆனால் கட்டுபவரிடம் பணம் இருக்கிறது, காத்திருக்கக் காரியாலயமும் இருக்கிறது. தரம் 6 பிள்ளையிடம் இருப்பது அந்த ஆண்டு மட்டும்தான். காத்திருப்பது தவிர்க்க முடியாதது என்றால், கோபுரம் காத்திருக்கட்டும்.