முதல்ல அழுக்கோட ஒரு காப்பி எடுத்து வைங்க

1/ ரெக்கார்டு ப்ளேயரைக் கம்ப்யூட்டர்ல இணைக்கிறது பத்தி ஒரு த்ரெட். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். நான் பண்ண தப்பை, வீட்ல பழைய இசைத்தட்டு வச்சிருக்கிற நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2/ அம்மாவோட அப்பா வீடு மாமல்லபுரம். அவர் போன பிறகு பரண்ல இருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்குச்சு. உள்ள முழுக்கத் தட்டு. பாதிக்கு மேல 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டு. அதுல ஒண்ணு எஸ்.ஜி.கிட்டப்பா பாடினது. பெட்டியைச் செங்கல்பட்டுக்குக் கொண்டு வந்து, நைட் டூட்டி இல்லாத நாள்ல ஒண்ணொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்த ஆரம்பிச்சேன்.

3/ கிட்டப்பா நாடக மேடையின் பெரிய நட்சத்திரம். 1906-ல் பிறந்தார், 1933-ல் இறந்தார். 27 வயசு. தமிழ்ல பேசும்படம் வந்ததே 1931-ல்தான். ஆகவே அவர் குரல்னு இன்னிக்கு நம்மகிட்ட மிஞ்சியிருக்கிறது தட்டுல இருந்து வந்தது. தட்டு போனா குரலும் போச்சு.

4/ இப்போ இணைப்புக்கு வருவோம். காந்த வகை கார்ட்ரிட்ஜ்ல முள்ளு உரசி வர்ற மின்சாரம் சுமார் 5 மில்லிவோல்ட். கம்ப்யூட்டரோட லைன்-இன் எதிர்பார்க்கிறது சுமார் 300 மில்லிவோல்ட். அதனால நடுவுல ஃபோனோ ப்ரீஆம்ப் கண்டிப்பா வேணும். லேப்டாப் மைக் ஓட்டையில நேரா சொருகினா பாட்டு டெலிபோன்ல கேக்குற மாதிரி சப்புன்னு இருக்கும்.

5/ காரணம் இதுதான். தட்டு வெட்டும்போதே கீழ்ச் சத்தத்தைக் குறைச்சு, மேல் சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுவாங்க. ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரி பண்ணும். ஆர்ஐஏஏ வளைவுன்னு பேரு. இது 1954-ல வந்த அளவு. அதுக்கு முந்தின தட்டுகளுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேற. அந்த வித்தியாசத்தைப் பின்னாடி சாஃப்ட்வேர்ல திருத்திக்கலாம்.

6/ லேப்டாப்ல லைன்-இன் இல்லன்னா, லைன்-இன் இருக்கிற சின்ன யுஎஸ்பி ஆடியோ பெட்டி வாங்கிக்குங்க. ப்ளேயர்ல இருந்து தனியா தொங்குற எர்த் ஒயரை ப்ரீஆம்ப்ல மாட்டுங்க. மாட்டலன்னா "ம்ம்ம்"னு இரையும். கரண்டோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அது. கடலோரத்துல இருந்தா பின்னைத் துடைச்சுப் பாருங்க, உப்புக் காத்துல பச்சை பூத்திருக்கும்.

7/ 78 தட்டோட பள்ளம் அகலம். எல்பி முள்ளு அதுக்குள்ள ஆடும். 3 மில் முள்ளு தனியா வாங்கணும். ஆடாசிட்டி இலவச சாஃப்ட்வேர், அது போதும். 24 பிட், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபல் பக்கம், சேமிக்கிறது எம்பி3 இல்ல, வேவ் ஃபைல். 3 நிமிஷப் பாட்டு 50 எம்பிக்குள்ள வரும்.

8/ நம்ம ஊர் டாக்டர்கள், நர்ஸுங்க கவனத்துக்கு: தட்டைத் துடைக்க வார்டுல இருக்கிற ஸ்பிரிட்டை எடுத்துடாதீங்க. அரக்கு ஆல்கஹால்ல கரையும். டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், மெத்துன்னு துணி, லேபிள் நனையாம. அவ்வளவுதான்.

9/ இதெல்லாம் சரியாத்தான் பண்ணேன். தப்பு அதுக்கப்புறம். கிட்டப்பா தட்டுல ஒரே கரகர. அவர் மூச்சு வாங்க நிறுத்துற இடத்தைத் தேர்ந்தெடுத்து, "இதுதான் இரைச்சல், இதை எடுத்துடு"ன்னு சாஃப்ட்வேர்கிட்ட சொன்னேன். எடுத்துடுச்சு. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. அதே பேர்ல சேவ் பண்ணேன்.

10/ அம்மா கேட்டுட்டு, "ஏண்டா, பெட்டிச் சத்தம் எங்க போச்சு?"ன்னாங்க. ஆர்மோனியம். அவர் நிறுத்தின இடத்துல பின்னாடி சுருதி ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ஒரே சீராப் போற சத்தம் எல்லாமே சாஃப்ட்வேருக்கு இரைச்சல்தான். சுருதியையும் சேர்த்துத் தின்னுடுச்சு. குரல் மட்டும் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி நிக்குது.

11/ சரி, திரும்ப எடுத்துக்கலாம்னு தட்டைக் கழுவும்போது கை வழுக்கி சிமெண்ட் தரையில விழுந்துச்சு. மூணு துண்டு. அம்மா ஒரு வார்த்தை திட்டல. துண்டுகளைப் பொறுக்கி நியூஸ் பேப்பர்ல சுத்தி அதே பெட்டியில வச்சாங்க. அது இன்னும் என்னை விடல.

12/ இத்தனைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஈசிஜியும் மில்லிவோல்ட் கணக்குதான், 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர். கோடு அழகா வரணும்னு ஃபில்டரை ஏத்தினா எஸ்டி பகுதியே மாறித் தெரியலாம். மாரடைப்பான்னு அதை வச்சுத்தான் பாக்குறோம். அழகான ஈசிஜி உண்மையான ஈசிஜின்னு அர்த்தமில்ல. வார்டுல தெரிஞ்ச இந்தப் பாடம் வீட்ல மறந்துடுச்சு.

13/ "யூடியூப்ல எல்லாம் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு?"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா பலது காப்பியோட காப்பி, அமுக்கினது, சிலது வேகமே தப்பு. உங்க வீட்டுத் தட்டு அங்க இருக்கிறதை விடத் தெளிவா இருக்கலாம். சிலது அங்க இல்லாமலே இருக்கலாம். ஏத்திப் பாத்தாத்தான் தெரியும்.

14/ சுத்தம் பண்றது தப்புன்னு சொல்லல. குடும்ப வாட்ஸ்அப்புக்குச் சுத்தமான காப்பி அனுப்புங்க, பெரியவங்க சந்தோஷமா கேப்பாங்க. ஆனா கரகரப்போட முதல்ல எடுத்த ஃபைலைத் தொடவே கூடாது. நாளைக்கு இதைவிட நல்ல சாஃப்ட்வேர் வரும். அதுக்குக் குடுக்க நம்மகிட்ட மூலம் இருக்கணும்.

15/ மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்ல உப்புக் காத்து தேய்ச்ச சிற்பங்களைப் பாத்திருப்பீங்க. ஊர் முழுக்கச் சிற்பிகள். நினைச்சா அந்த முகங்களைப் புதுசாச் செதுக்கிடலாம். ஆனா காத்தைத் தடுக்கச் சவுக்கு வச்சாங்க, அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டினாங்க. மிஞ்சினதை மிஞ்சின மாதிரியே காப்பாத்துறாங்க. தட்டுக்கும் அதே நியாயம்தான்.

16/ சுருக்கமா: ப்ரீஆம்ப், எர்த் ஒயர், வேவ் ஃபைல். அழுக்கோட ஒரு காப்பி, ரெண்டு ஹார்டு டிஸ்க்ல, ரெண்டு வீட்ல. லேபிளையும் போன்ல போட்டோ எடுத்துடுங்க. யார் பாடினதுன்னு சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க.

பரண்ல தட்டு இருக்கிற நண்பர்களுக்குப் பகிருங்க.