650 யாருடைய எண்?

நீட் பயிற்சி மையத்தில் சேர்ந்த முதல் நாளே ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்: ‘டார்கெட் 650’. சுவரில், நோட்டு அட்டையில், வாட்ஸ்அப் குழுவின் பெயரில்கூட அதே எண். எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள் தோழர்களே, பதில் வராது. பிளெக்ஸ் பேனரில் அது எடுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். 2025-இல் வினாத்தாள் கடினம்; இந்தியாவிலேயே முதலிடம் பிடித்தவர் எடுத்தது 686. அதற்கு முந்தைய ஆண்டு, திருத்தி வெளியிட்ட இறுதி முடிவில்கூட 17 பேர் 720-க்கு 720. இப்படி ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும் எண்ணைக் கல்வெட்டாக்கி வைத்துக்கொண்டு, 480 எடுத்த சேரிப் பிள்ளையிடம், அந்த ஆண்டு அதற்கு இடம் கிடைக்குமா என்றுகூடப் பார்க்காமல், ‘இன்னொரு வருஷம் ரிப்பீட் பண்ணு’ என்கிறார்கள். அந்த இன்னொரு வருஷத்துக் கட்டணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்குகிறார்.

இதற்கு நேரெதிரான பொய் ஒன்றும் ஊரில் உலவுகிறது: ‘உங்களுக்கென்னப்பா, 113 எடுத்தாலே டாக்டர்.’ 2025-இல் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 113, பொதுப்பிரிவுக்கு 144. இது கலந்தாய்வு வாசலுக்கான அனுமதிச் சீட்டு மட்டுமே. அந்த மதிப்பெண்ணோடு எங்கள் பிள்ளை அரசுக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. ஆனால் 144 எடுத்த பணக்கார வீட்டுப் பிள்ளை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் தேடலாம். தகுதிக் கோடு தாழ்வாக இருப்பதால் லாபம் யாருக்கு? 2023-இல் முதுநிலை இடங்கள் காலியாகக் கிடந்தபோது தகுதியை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைலாகவே இறக்கினார்கள். தகுதி, திறமை என்று எங்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்?

‘நீட்டே வேண்டாம் என்கிறோம், அப்புறம் அதில் என்ன இலக்கு?’ என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். ஒழிக்கும் போராட்டத்தில் நாங்களும் நிற்கிறோம். ஆனால் வரும் மே மாதம் தேர்வு எழுதப்போகும் தங்கைக்கு முழக்கத்தோடு ஒரு கணக்கும் வேண்டும்.

அந்தக் கணக்கு ரகசியமில்லை. தமிழ்நாடு மருத்துவத் தேர்வுக் குழு ஆண்டுதோறும் தரவரிசையையும் ஒதுக்கீட்டையும் வெளியிடுகிறது. எஸ்.சி.யின் 18 சதவீதத்தில், அதற்குள் அருந்ததியருக்கான 3 சதவீதத்தில், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீதத்தில் கடைசியாக அரசு இடம் பெற்றவரின் மாநிலத் தரவரிசையைத் தனித்தனியாகப் பாருங்கள். மதிப்பெண்ணைவிடத் தரவரிசை நம்பகமானது. வினாத்தாள் மாறினாலும் அது அவ்வளவாகத் துள்ளாது. மூன்று ஆண்டுப் பட்டியலை வைத்தால் உங்களுக்கான எல்லை தெரிந்துவிடும்.

அதற்கு மேலே இரண்டாவது எண் ஒன்றையும் எழுதுங்கள்: பொதுப்போட்டியின் கடைசித் தரவரிசை. அந்த 31 சதவீதம் யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. அதை மேல்சாதி ஒதுக்கீடு என்று நம் பிள்ளைகளே நினைத்துப் படிப்பதுதான் எங்களுக்கு ஆத்திரம். பொதுப்போட்டியில் இடம் எடுக்கும் ஒவ்வொரு தலித் மாணவருக்கும் பின்னால், 18 சதவீதத்தில் இன்னொரு பிள்ளைக்கு இடம் மிச்சமாகிறது.

இந்த ஞாயிறு படிப்பு வட்டத்துக்கு வருகிறவர்கள் அந்த ஒதுக்கீட்டுப் பட்டியல்களை அச்செடுத்து வாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரையும் அழைத்து வாருங்கள். பயிற்சி மையத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே.