கிடைக்கிற மருந்து

“பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் ஒரு இடத்தில் உட்கார மாட்டான்.” ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை என் அம்மா பள்ளியில் கேட்டு வந்த சொல் இது. கல்லூரிக்கு வந்ததும் அதன் முதல் பாதியும் போயிற்று. முதலாண்டு முடிவில் மூன்று தாள்கள் அரியர். அப்பா கொத்து வேலை செய்கிறவர். அம்மா களையெடுக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மூன்று தாள்களைப் பற்றி அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நான் சோம்பேறி என்று நானே நம்பியிருந்தேன். ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் செய்யும்போது இளஞ்சிவப்பு தோன்றுகிற அந்த ஒரு துளியில் நிறுத்த வேண்டும் அல்லவா? அந்தத் துளி விழும் நேரத்தில் என் மனம் மட்டும் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும். திரும்பிப் பார்த்தால் குடுவை முழுவதும் அடர் சிவப்பு. ஒரு நாள் ஆறு முறை அப்படி ஆயிற்று. அதைக் கவனித்த எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவர் திட்டவில்லை. “ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போய் மனநல மருத்துவரைப் பாரப்பா” என்றார். அந்தச் சொல்லுக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

மருத்துவர் என்னைவிட என் அம்மாவிடம்தான் அதிகம் கேட்டார். இந்தக் குறை பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டதா என்று பார்ப்பது முறையாம். அம்மா, நான் மளிகைக் கடைக்குப் போய்ப் பையையும் சில்லறையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த கதைகளை எல்லாம் சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். கவனக்குறைபாடு, ஏ.டி.எச்.டி. என்றார்.

முதலில் கொடுத்தது மெத்தில்பெனிடேட் என்ற ஊக்க மருந்து. 1944-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் பனிட்சோன் என்ற வேதியியலார் உருவாக்கியது. தம் மனைவியின் செல்லப் பெயரான ரீட்டாவை வைத்து அதற்கு ரிட்டாலின் என்று பெயரிட்டார். (வேதியியலாருக்கும் இல்லறம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?) அந்த மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது. கரிம வேதியியலில் ஒரு பாடத்தை எழுந்திருக்காமல் படித்து முடித்த அன்று எனக்கு அழுகை வந்தது. நான்கு மணி நேரம் போனால் பழைய ஆள்தான். பசி போயிற்று, நெஞ்சு படபடத்தது. ஆனாலும் அதை நான் விட்டிருக்க மாட்டேன்.

அதை விட வைத்தது வேறொன்று. இம்மருந்து போதைப் பொருள்கள், மனமயக்கப் பொருள்கள் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ‘எக்ஸ்’ அட்டவணையில் இருக்கிறது. விற்பதற்குத் தனி உரிமம் வேண்டும். மருத்துவர் சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் அது கிடையாது. மாதம் ஒரு நாள் வகுப்பை விட்டுப் பஸ் ஏறி நகரத்துக்குப் போவேன். மூன்றாம் மாதம் அங்கும் “சரக்கு வரவில்லை தம்பி” என்றார்கள். அந்த வாரம்தான் பருவத் தேர்வு. எழுதிய தாள்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அதன் பிறகு மருத்துவர் பியூப்ரோபியானுக்கு மாற்றினார். இது மனச்சோர்வுக்கான மருந்து. 1969-இல் இதை உருவாக்கியவர் அமெரிக்காவில் பணியாற்றிய நரிமன் மேத்தா என்ற இந்தியர் என்று அறிந்தபோது எனக்குச் சற்றுப் பெருமைதான். 1985-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; அதிக அளவில் வலிப்பு வருகிறது என்று மறு ஆண்டே நிறுத்தப்பட்டு, அளவைக் குறைத்து 1989-இல் திரும்பி வந்தது. அதனால்தான் மருத்துவர் முதலில் “எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா?” என்று கேட்டார். கவனக்குறைபாட்டுக்கென்று அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் தரவில்லை. ஆனால் டோபமினும் நார் அட்ரினலினும் நரம்புகளுக்கிடையே கூடுதல் நேரம் நிற்கச் செய்வதால், ஊக்க மருந்து ஒத்துவராதவர்களுக்கு மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் தருகிறார்கள்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாக்கு வறண்டது, தூக்கம் கெட்டது, தங்கையிடம் எரிந்து விழுந்தேன். காலையிலேயே போட்டுக்கொள்ளச் சொன்ன பிறகு தூக்கம் சரியாயிற்று. ஐந்தாம் வாரம் தரம்பார்த்தலில் மூன்று அளவீடுகள் ஒத்து வந்தன. அவ்வளவுதான். ரிட்டாலின் தந்த அந்தத் தெளிவு இதில் இல்லை. பாதி என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் இந்தப் பாதி காலையிலும் மாலையிலும் இருக்கிறது, திங்களும் வெள்ளியும் இருக்கிறது, எங்கள் ஊர்க் கடையிலும் இருக்கிறது. பாதியில் நின்றுபோகிற நல்ல மருந்தைவிடத் தொடர்ந்து கிடைக்கிற சுமாரான மருந்து என் போன்றவனுக்கு மேல் என்பதே என் கருத்து.

இதில் கசப்பும் உண்டு. எங்கள் ஊர்க் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, “இது மனச்சோர்வு மாத்திரையாச்சே, யாருக்கு?” என்று உரக்கக் கேட்டார். மாலைக்குள் செய்தி தெரு முழுதும் பரவியது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் வந்து, “தம்பிக்கு மூளையில ஏதோவாமே?” என்றார். அம்மா, “படிக்கிறதுக்கு மாத்திரை வாங்குறான். ஒனக்கு வேணுமா?” என்றார். அதன் பின் யாரும் கேட்கவில்லை.

ஊக்க மருந்துக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விஷயம் தெரிந்ததும் விடுதி நண்பர்கள் இருவர், “தேர்வுக்கு முதல் நாள் ஒண்ணு குடுடா” என்று கேட்டார்கள். சட்டம் ஏன் கடுமையாக இருக்கிறது என்று அன்று புரிந்தது. நான் தரவில்லை. ஆனால் மருத்துவரின் பதிவேட்டில் பெயர் உள்ள மாணவனுக்கு அரசு மருத்துவமனையிலேயே மாதந்தோறும் மருந்து தவறாமல் கிடைக்க வழி செய்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? நகரத்து மாணவனுக்குத் தெளிவும் கிராமத்து மாணவனுக்குப் பாதித் தெளிவும் என்று பங்கு பிரிக்கும் நோக்கம் அந்தச் சட்டத்துக்கு இருந்திருக்க முடியாது.

வரும் பருவத்தில் அந்த மூன்று தாள்களையும் மறுபடி எழுதுகிறேன். அட்டையில் இன்னும் ஆறு மாத்திரைகள் இருக்கின்றன. சனிக்கிழமை கடைக்குப் போக வேண்டும். இம்முறை அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.