பெரும்பத்தன் கல்லும் பறிபோகும் சொல்லும்

தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில், மேலைக் கடற்கரையை அடுத்த கிராபி மாவட்டத்தில், குலோங் தோம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரை ஒட்டிய மேடொன்றுக்கு அந்நாட்டு மக்கள் இட்ட பெயர் 'குவான் லூக் பத்'. தமிழில் 'மணிமேடு' எனலாம். மண்ணைக் கிளறிய இடமெல்லாம் கண்ணாடி மணியும் கல்மணியும் கிடைத்தமையால் வந்த பெயர் அது. பழம்பொருள் தேடுவோர் மண்வெட்டியும் சல்லடையுமாக அம்மேட்டைத் துருவித் துருவித் தோண்டினர். அகப்பட்ட மணிகளை விலைக்கு விற்றனர். அவ்வாறு சிதறிப்போகாமல் எஞ்சியவற்றுள் ஒரு பகுதியை அவ்வூர்ப் புத்தக் கோயிலின் தலைமைத் துறவி திரட்டிக் கோயிலிலேயே காட்சிக்கு வைத்தார். அத்திரட்டில் இருந்த பொருள்களுள் ஒன்று சிறிய நீள்சதுரக் கல்.

மணி தேடுவோன் கண்ணுக்கு அது வெறுங்கல். பொன்னன்று, மணியன்று, சிலையன்று. கத்தி தீட்டும் கல் எனலாம், எடைக்கல் எனலாம், தாயத்துக் கல் என்றும் எண்ணலாம். ஆயினும் அதன்மேல் சில எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. அவ்வெழுத்தோ தாய்லாந்து எழுத்தன்று. அந்நாட்டார் எவரும் படிக்கக் கூடியதன்று. அறிஞர் அதனைப் படித்தபோது வெளிப்பட்டவை இரண்டே சொற்கள்: 'பெரும்பதன் கல்'. எழுத்து, பிராமி என்று பலரும் தமிழி என்று தமிழுணர்ந்தோரும் வழங்கும் பழந்தமிழ் எழுத்து. மொழி, தமிழ். காலம், எழுத்தமைதி கொண்டு கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு எனக் கணித்தனர்.

இரட்டிக்க வேண்டிய மெய்யை ஒற்றையாகவே எழுதிவிடுவது அக்காலக் கீறல்களில் காணப்படுவதே. எனவே 'பதன்' என்பதைப் 'பத்தன்' என்று கொண்டனர். பத்தன் யார்? தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் முதியோரைக் கேட்டால் விடை கிடைக்கும். பொன்வேலை செய்வோர் பத்தர். தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்த்து அழைக்கப்படுபவர் பத்தர். அப்பத்தருள் பெரியவன் பெரும்பத்தன். அது தொழிலால் வந்த பட்டமாகவும் இருக்கலாம், அவனுடைய பெயராகவே ஆகியும் இருக்கலாம். பொற்கொல்லனுக்கு உரிய கல் எது? உரைகல். அந்தக் கணத்தில் கல் தன் அடையாளத்தைப் பெற்றது.

உரைகல்லின் செயல் எளியது, ஆனால் நுண்ணியது. கரிய, கெட்டியான, நுண்மணிக் கல்லில் பொன்னை ஒருமுறை இழுத்தால் மஞ்சள் கோடு விழும். மாற்று அறிந்த பொன்னால் அதனருகே மற்றொரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பான் பொற்கொல்லன். செம்பு மிகுந்தால் கோடு சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறும். கண்ணும் பட்டறிவுமே கருவி. இத்தொழிலைச் சுற்றித் தமிழில் எத்துணைச் சொற்கள்! உரைகல், கட்டளைக்கல், மாற்று, ஆணி, ஆணிப்பொன், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சிறுபொன்னாகிய மச்சம். திருவள்ளுவர் தெரிந்துதெளிதலில் ஆளைத் தேர்வதற்குக் கட்டளைக்கல்லையே கைக்கொண்டார். குறுந்தொகைப் புலவர் ஒருவர்க்கோ, மாம்பூவின் பொன்தாது படிந்த கருங்குயில் உரைகல்லாகத் தோன்றியது. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள், பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததையும், 'தண்டவாணி' என்னும் மாற்றளவோடு ஒப்பிட்டதையும் கணக்குப் பிசகாமல் சொல்கின்றன. அழகர்மலைத் தமிழிக் கல்வெட்டில் மதுரைப் பொற்கொல்லன் இருக்கிறான். புகளூர்க் கல்வெட்டில் கருவூர்ப் பொன்வாணிகன் இருக்கிறான். கடல் கடந்த பெரும்பத்தன் இக்கூட்டத்தில் ஒருவன்.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுத்தை மட்டும் படித்திருந்தால் போதுமா? போதாது. 'பெரும்பதன் கல்' என ஒலித்துக் காட்டிய பின்னும், பத்தன் என்னும் சொல்லைத் தமிழ்நாட்டுத் தெருக்கள் உயிரோடு வைத்திராவிட்டால், அது பொருள் விளங்காத ஒரு பெயராகவே நின்றிருக்கும். கல்லைக் காத்தவர் தாய்லாந்துத் துறவி. சொல்லைக் காத்தவர் பெயர் தெரியாத பட்டறைக்காரர். அவருள் பலர் ஏட்டையே கண்டறியார். அவர் வாயில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேலாகத் தேயாமல் கிடந்த சொல்தான் அக்கல்லின் பூட்டைத் திறந்தது. தனித்தமிழ் என்பது புலவர் சிலரின் பொழுதுபோக்கு என்று நகையாடுவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

தமிழார்வலர் சிலர்க்கும் இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். இக்கல்லைக் காட்டித் தாய்லாந்தைத் தமிழன் ஆண்டான் என மேடையில் முழங்குவது அக்கல் சொல்லாததைச் சொல்வதாகும். அது அரசன் கல்லன்று, தொழிலாளியின் கல். பெரும்பத்தன் அவ்வூரில் பட்டறை வைத்திருந்திருக்கலாம். வணிகரோடு கப்பலில் வந்து போயிருக்கலாம். கல் கைமாறியும் போயிருக்கலாம். ஆனால் தனியொரு கல்லை வைத்துப் பேச வேண்டிய நிலையும் இல்லை. அதே கடற்கரையில் பூ காவோ தோங் என்னுமிடத்தில் தாய்லாந்து–பிரெஞ்சு ஆய்வுக்குழு அகழ்ந்தபோது தமிழி கீறிய பானையோடு கிடைத்தது; அது கி.பி. 2ஆம் நூற்றாண்டினது என்று 2006இல் ஐராவதம் மகாதேவன் உறுதிப்படுத்தினார். தமிழுக்கே உரிய றகரம் அவ்வோட்டில் உள்ளது. 1902இல் தக்குவா பா பகுதியில் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்னும் குளத்தையும் அதற்குக் காவலான மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது. பானை வைத்திருந்தவன், பொன்னுரைத்தவன், குளம் காத்தவர் ஆகிய இவர்கள் வாளேந்திச் சென்றவரல்லர். உழைப்பும் கைத்திறனும் கொண்டு சென்று, சென்ற இடத்திலும் தம் உடைமைமேல் தம் மொழியை எழுதியவர். ஆண்ட கதையினும் இது குறைந்த பெருமையா?

மணிமேட்டைத் தோண்டியோரைப் பழிப்பது எளிது. அங்கே மண்ணடுக்குக் கலைந்துபோயிற்று. அக்கல்லோடு எரிந்த உலை இருந்ததா, உடைந்த மூசை இருந்ததா, பொற்றுகள் இருந்ததா என்று கேட்டால் சொல்ல மண்ணுக்கு வாயில்லை. ஆழம் குறித்து, அடுக்குக் குறித்து எடுத்திருந்தால், பெரும்பத்தன் வாழ்ந்தானா வந்துபோனானா என்பதற்கே விடை கிடைத்திருக்கக் கூடும். எழுத்தின் வடிவை மட்டும் நம்பிக் காலம் சொல்ல நேர்ந்ததும் இக்கரணியத்தால்தான். ஆனால் தமிழ்நாட்டின் நிலை இதனினும் மேலானதா? கரூரில் அமராவதி ஆற்றுமணலை அரித்தவர் கையில் அகப்பட்ட காசுகள் எத்தனை, மோதிரங்கள் எத்தனை! மாக்கோதை, குட்டுவன் கோதை எனச் சேரர் பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் அவ்வாற்றுமணலில் கிடைத்தவையே. நாணயம் அறிந்தவர் கண்ணில் பட்டமையால் அவை பிழைத்தன. அறியாதவர் உலையில் விழுந்து, உருகி, தோடாகவும் கொலுசாகவும் மாறியவற்றை யார் எண்ணினர்? பழம்பொருள் கிடைத்தால் ஊர்நிலை அலுவலர்க்கு அறிவிக்க வேண்டும் என்னும் முறையைப் பள்ளிப் பிள்ளைக்குக் கூட இன்னும் ஒழுங்காகக் கற்பித்தபாடில்லை.

கல் போவது ஒருபுறம் இருக்க, சொல் போவதோ ஓசையின்றி நடக்கிறது. இன்று நகைக்கடைக்குள் நுழைந்தால் காதில் விழுபவை 'காரட்', 'கே.டி.எம்.', 'ஆல்மார்க்', 'நயன் ஒன் சிக்சு'. 2021 முதல் இந்திய அரசு பொன்நகைக்கு முத்திரையைக் கட்டாயமாக்கியது. ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்பதைக் குறிக்கும் எண்ணும் ஆறெழுத்துக் குறியும் நகையில் பொறிக்கப்படுகின்றன. வாங்குவோர்க்கு அதனால் நன்மையே. ஊடுகதிர்ப் பொறி நொடியில் மாற்றைக் காட்டுகிறது; அதனையும் வேண்டாமென்பார் யார்? கேள்வி வேறு. பொறி வந்தால் சொல் ஏன் போக வேண்டும்? 'மாற்று' என்று பொறியின்மேல் எழுதினால் பொறி இயங்க மறுக்குமா? மேடைதோறும் தலைவர்களைப் 'பத்தரைமாற்றுத் தங்கம்' எனப் புகழ்வோர்க்குக் குறைவில்லை. மாற்று என்றால் என்ன என்று அவரையே நிறுத்திக் கேட்டால் விழிப்பர். கேட்கப்படும் தலைவரும் உடன் விழிப்பார். பத்தர் என்றாலோ, இளையோர் பலர்க்குக் கோயிலில் கைகூப்பி நிற்கும் 'பக்தர்' நினைவுக்கு வருகிறாரே அன்றிப் பொன்னுரைத்தவர் வருவதில்லை. 'செய்கூலி' ஒன்றுதான் விளம்பரப் பலகைகளில் இன்னும் பிழைத்திருக்கிறது. அதுவும் 'சேதாரம்' கைப்பிடித்து நடக்கிறது.

பட்டறைகள் குறைந்துவிட்டன. அச்சில் அடித்த நகைகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் ஊரில் பத்தர்க்கு என்ன வேலை? அவர் மகன் வேறு பணிக்குப் போய்விட்டான். அவனைக் குறைகூற முடியாது, வயிறு இருக்கிறதே. ஆனால் அவர் பட்டறையில் சாமணம் இருந்தது, கும்மட்டி இருந்தது, ஊதுகுழல் இருந்தது, பற்றாசும் வெண்காரமும் இருந்தன. கையில் எடுத்துப் பெயர் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அவரோடு முடிகிறது. 1974இல் தமிழ்நாட்டரசு தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. அவர் 1981இல் மறைந்த பின்னும் பணி தொடர்ந்து மடலங்கள் வெளிவந்தன. அகரமுதலி ஆக்கியோர் தம் கடனைச் செய்தனர். எனினும் ஏட்டில் ஏறாத தொழிற்சொற்கள் இன்னும் பட்டறை மூலைகளில் கிடக்கின்றன. ஊர்க்கு ஊர் வேறுபடுகின்றன.

தமிழ்மன்றம் இல்லாத ஊர் இன்று குறைவு. ஆண்டுவிழாவும் பட்டிமன்றமும் நடத்தும் அம்மன்றங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பத்தர் தெருவுக்குச் செல்லலாம். எழுபது கடந்த முதியவர் ஒருவரின் பட்டறையில் அமர்ந்து, பெட்டியிலிருக்கும் ஒவ்வொரு கருவியையும் வெளியே எடுக்கச் சொல்லி, அதன் பெயரையும் அது செய்யும் வேலையையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளலாம். கல்லையும் எடுத்துக் காட்டச் சொல்லலாம். பெரும்பாலும் அது பெட்டியின் அடியில், துணியில் சுற்றியபடி இருக்கும்.